ரிப்பேர் செய்யலாமா, புதுசு வாங்கலாமா? எங்கள் தருமபுரி கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிவி, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், மிக்ஸி ரிப்பேர் பார்க்கிற கடை எங்களுடையது. ரேடியோ காலத்தில் அப்பா ஆரம்பித்தது. நான் ரிப்பேர் மேசையில் உட்கார ஆரம்பித்து 22 வருடம் ஆகிறது. பொருளை இறக்கி வைத்ததும் வருகிற முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "அண்ணா, இதுக்குச் செலவு பண்ணலாமா, இல்ல புதுசே வாங்கிடலாமா?" கூட்டத்துக்கு நடுவே இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்கிற பதில் இல்லை இது. அதனால் எழுதிவைக்கிறேன். விலைகள் எல்லாம் எங்கள் கடையில் இப்போது ஆகிற தோராயமான தொகைகள்; ஊருக்கும் மாடலுக்கும் தகுந்தபடி மாறும்.

எதை வைத்து முடிவு செய்வது?

முதலில் எந்தப் பாகம் போயிருக்கிறது என்று தெரிய வேண்டும். அது தெரியாமல் "பத்து வருஷப் பொருள், போதும்" என்று முடிவெடுப்பவர்கள்தான் அதிகம் நஷ்டப்படுகிறார்கள். திறந்து பார்த்துச் சொல்ல நாங்கள் 200 ரூபாய் வாங்குகிறோம். வேலை கொடுத்தால் அதைக் கழித்துக்கொள்வோம். கொடுக்காவிட்டாலும் அந்த 200 வீண் இல்லை. பல ஆயிரம் ரூபாய் முடிவுக்கு அதுதான் அடிப்படை.

பாகம் தெரிந்த பிறகு ஒரு சின்னக் கணக்கு. போன மாதம் பாலக்கோட்டிலிருந்து ஒரு அம்மா ஏழு வருட டாப் லோடு வாஷிங் மெஷினைச் சின்ன யானையில் ஏற்றிவந்தார். பேரிங் போய், துணி பிழியும்போது ரைஸ் மில் மாதிரி சத்தம். செலவு 2,800. அதே அளவில் புதுசு 17,000. புதுசு எட்டு, எட்டரை வருடம் உழைக்கும் என்று வைத்தால் வருடத்துக்கு 2,000 ரூபாய் ஆகிறது. அப்படியானால் 2,800 ரூபாய் ரிப்பேர், சுமார் 17 மாதம் ஓடினாலே போட்ட காசு எடுத்தாயிற்று. அதற்கு மேல் ஓடுகிற ஒவ்வொரு மாதமும் லாபம்.

ஆக, மெக்கானிக்கிடம் கேட்க வேண்டிய கேள்வி "எவ்வளவு ஆகும்" என்பதோடு முடியவில்லை. "இன்னும் ஒன்றரை வருஷம் ஓடுமா" என்றும் கேட்க வேண்டும். அந்த மெஷினில் மோட்டார் நன்றாக இருந்தது, டப் விரிசல் இல்லை, அடித்தகடு துருப்பிடிக்கவில்லை. ஓடும் என்றேன், செய்துகொடுத்தேன். அடித்தகடு துருப்பிடித்திருந்தால் அதே 2,800 ரூபாய்க்கு வேண்டாம் என்று சொல்லியிருப்பேன்.

புது விலையில் பாதிக்கு மேல் போனால் ரிப்பேர் செய்யாதே என்கிறார்களே?

தோராயத்துக்குச் சரி. ஆனால் இரண்டு வருடப் பொருளுக்குப் பாதி விலை கொடுத்தாலும் தகும். பன்னிரண்டு வருடப் பொருளுக்குக் கால்வாசியே அதிகம். இன்னொன்று, அந்தப் "புது விலை" இன்றைய விலையாக இருக்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் ஏசிக்கும் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிக்கும் ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. "நான் வாங்கும்போது 42,000" என்று பழைய பில்லை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். கடையில் இன்றைக்கு என்ன விலை என்று ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டு வாருங்கள்.

டிவியில் சத்தம் வருகிறது, படம் வரவில்லை. பேனல் போய்விட்டதா?

பெரும்பாலும் இல்லை. பேனல் என்பது படம் காட்டுகிற திரை; அது போயிருக்கிறதா என்று நீங்களே வீட்டில் பார்க்கலாம். ராத்திரி அறை விளக்கை அணைத்துவிட்டு டிவியை ஆன் செய்யுங்கள். சத்தம் வந்ததும் செல்போன் டார்ச்சைத் திரைக்கு மிகப் பக்கத்தில், சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். உள்ளே மங்கலாக ஆள் நடமாட்டமோ மெனு எழுத்தோ தெரிந்தால் பேனல் உயிரோடு இருக்கிறது. பின்னால் வெளிச்சம் கொடுக்கிற எல்.இ.டி. பட்டைதான் போயிருக்கிறது. நாங்கள் பேக்லைட் ஸ்ட்ரிப் என்போம்.

அந்தப் பட்டையில் கடலைப்பருப்பு அளவில் விளக்குகள் சீரியல் செட் மாதிரி வரிசையாக இருக்கும். கோயில் திருவிழா சீரியலில் ஒரு பல்ப் போனால் அந்தச் சரமே அணைகிறதே, அதே கதைதான். ஒரு விளக்கு கருகினால் முழுத் திரையும் இருட்டு. 32 அங்குல டிவிக்குப் பட்டை மாற்றக் கூலியோடு 1,500 முதல் 2,000 ஆகும். கருகிய ஒன்றை மட்டும் மாற்றினால் இன்னும் குறையும், ஆனால் அதை நான் செய்வதில்லை. பக்கத்து விளக்குகளும் அதே வயதுதான், மூன்று மாதத்தில் அடுத்தது போகும். மாற்றிய பிறகு பேக்லைட் அளவை 100இல் வைக்காமல் 60, 70இல் வைத்துப் பாருங்கள். சூடு குறையும், ஆயுள் நீளும்.

திரையில் அடிபட்டு மை கொட்டினதுபோல் கறுப்புப் படலம் இருந்தாலோ, கண்ணாடி விரிசல் விட்டிருந்தாலோ அது பேனல். பேனல் விலையே புது டிவியில் பாதிக்கு மேல் வரும். அதற்குச் செலவு செய்ய வேண்டாம். குழந்தை பந்தை எறிந்து உடைத்த டிவி மாதம் இரண்டாவது வருகிறது. ஒவ்வொரு முறையும் இதைச் சொல்லும்போது மனசு கஷ்டமாகத்தான் இருக்கிறது.

தெருவில் கரண்ட் ஏறி இறங்கியது. அதற்குப் பிறகு டிவி, ஃபிரிட்ஜ் எதுவும் ஆன் ஆகவில்லை.

கோடை மழை ஆரம்பித்தால் எங்கள் கடையில் இதுதான் வேலை. காற்றில் மரம் சாய்ந்து நியூட்ரல் கம்பி அறுந்தால், 230 வோல்ட் வர வேண்டிய வீட்டுக்கு 400 வரைக்கும் வந்துவிடும். ஒரே தெருவிலிருந்து ஒரே நாளில் ஏழு டிவி வந்தது உண்டு. "பாத்துக்கினு இருக்கும்போதே டப்புனு சத்தம், அப்புறம் ஒண்ணுமில்ல" என்பார்கள்.

அந்த "டப்" நல்ல செய்தி. பவர் போர்டின் வாசலில் வேரிஸ்டர் என்று ஒரு பாகம் இருக்கிறது. நீல நிறத்தில், வட்டமாக, பெரிய மாத்திரை மாதிரி இருக்கும். வோல்டேஜ் எகிறினால் அது தான் வெடித்து, ஃபியூஸையும் போகவைத்து, பின்னால் இருக்கிற போர்டைக் காப்பாற்றும். காவல்காரன் வேலை. அதன் விலை 15 ரூபாய். ஃபியூஸ் 10 ரூபாய். கூலியோடு 350க்குள் டிவி எழுந்துவிடும். எல்லா முறையும் இவ்வளவு சுலபமாக முடியும் என்று சொல்லமாட்டேன். சில சமயம் அடுத்திருக்கிற ஐ.சி. சிப்பும் போயிருக்கும், 1,200 வரை ஆகும். ஆனால் திறந்து பார்க்காமலே பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டு வந்து வருத்தப்படுபவர்கள் இருக்கிறார்கள்.

கம்பெனி சர்வீஸில் போர்டு மாற்ற 6,800 என்றார்கள். நீங்கள் 900 சொல்கிறீர்கள். எது சரி?

இரண்டும் சரி, இரண்டும் வேறு வேலை. கம்பெனி ஆள் ஒரு நாளைக்குப் பல வீடு போக வேண்டும். போர்டைக் கழற்றிப் புதுசு மாட்டினால் அரை மணி நேரத்தில் முடியும், அதற்கு வாரண்டியும் கொடுப்பார்கள். நாங்கள் போர்டை மேசையில் வைத்து, மல்டிமீட்டரால் ஒவ்வொரு பாகமாகத் தொட்டு, கெட்டதை மட்டும் எடுத்து ஈயம் வைக்கிறோம். பாகம் 40 ரூபாய், நேரம் மூன்று மணி. நீங்கள் கொடுக்கிற 900 அந்த நேரத்துக்கான கூலி.

வாரண்டி இருக்கும் பொருளை எங்களிடம் கொண்டுவராதீர்கள். வெளியில் திறந்தால் வாரண்டி போய்விட்டது என்று அவர்கள் சொல்ல இடம் கொடுத்த மாதிரி ஆகும். வாரண்டி முடிந்திருந்தால் இரண்டு இடத்திலும் விலை கேளுங்கள். இன்வெர்ட்டர் ஏசி போர்டு மாதிரி சிலவற்றில், ஈரப்பதம் ஏறி முழுக்கப் பச்சை பிடித்திருந்தால் நானே புதுப் போர்டுதான் சொல்வேன்.

எங்கள் ஊர் போர் தண்ணீருக்கு எந்த மெஷினும் தாங்கவில்லை. என்ன செய்வது?

பென்னாகரம், நல்லம்பள்ளி, காரிமங்கலம் பக்கத்திலிருந்து வருகிற ஹீட்டர் காயில்களை மேசையில் ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன், வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காக. கட்டைவிரல் மொத்தத்துக்கு வெள்ளை, பழுப்பு கலந்து சுண்ணாம்பு படிந்திருக்கும். நகத்தால் சுரண்டினால் செதில் செதிலாக உதிரும். காயிலுக்கும் தண்ணீருக்கும் நடுவே இந்த ஓடு உட்கார்ந்துகொண்டால், உள்ளே இருக்கிற சூடு வெளியே போக வழியில்லாமல் காயிலே வெந்துபோகிறது. கரண்டும் அதிகம் இழுக்கும்.

நம் மாவட்டத்துத் தண்ணீர் என்றாலே, பல்லையும் எலும்பையும் பாதிக்கிற ஃபுளோரைடு என்று பேசுகிறோம். 2013இல் தொடங்கிவைத்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அந்தப் பாதிப்பைக் குறைக்க வந்ததுதான். ஆனால் மெஷினைக் கெடுப்பது ஃபுளோரைடு இல்லை. கடினத்தன்மை, அதாவது கால்சியமும் மெக்னீசியமும். ஃபிரண்ட் லோடு மெஷினிலும் கீசரிலும் இதுதான் முதல் எதிரி.

ஹீட்டர் காயில் மாற்றுவது பெரிய செலவு இல்லை, 1,200க்குள் முடியும். ஆனால் அதே தண்ணீரில் திரும்ப ஓடினால் திரும்பவும் போகும். மாதம் ஒருமுறை துணி போடாமல், சுண்ணாம்பைக் கரைக்கிற டீஸ்கேல் பவுடர் போட்டு வெந்நீரில் ஒரு ஓட்டம் விடுங்கள். பவுடர் 150 ரூபாய் இருக்கும். தண்ணீர் வருகிற வால்வில் இருக்கிற சின்ன வலையை எடுத்து மாதம் ஒருமுறை பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேயுங்கள். "தண்ணியே ஏறல" என்று வருகிற புகாரில் பாதி அந்த வலையில் அடைத்த மணல்தான். புதுசு வாங்கப் போகிறீர்கள் என்றால், உப்புத் தண்ணீர் ஊர்க்காரர்களுக்கு நான் ஹீட்டர் இல்லாத சாதாரண டாப் லோடையே சொல்கிறேன்.

ஆர்.ஓ. மெஷினுக்கு மட்டும் இந்தப் பணக்கணக்கு பொருந்தாது. ஃபுளோரைடைக் குறைப்பது அதில் இருக்கிற மெம்ப்ரேன் என்கிற வடிகட்டிச் சவ்வுதான், யூ.வி. விளக்கு மட்டும் இருக்கிற ஃபில்டர் அதைச் செய்யாது. மெம்ப்ரேன் மாற்றும் நேரம் வந்துவிட்டால் "இன்னும் ஆறு மாசம் ஓட்டலாம்" என்று தள்ளாதீர்கள். குழந்தைகள் குடிக்கிற தண்ணீர்.

பழைய ஃபிரிட்ஜ் கரண்ட் அதிகம் இழுக்கும், புதுசு வாங்கினால் பில்லிலேயே மிச்சம் என்கிறார்களே?

கணக்குப் போட்டுப் பாருங்கள். புது ஃபிரிட்ஜின் ஸ்டார் ஸ்டிக்கரில் வருடத்துக்கு எத்தனை யூனிட் என்று அச்சிட்டிருக்கும். உங்கள் பழையது அதைவிட வருடத்துக்கு 200 யூனிட் அதிகம் இழுக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். யூனிட் 5 ரூபாய் என்றால் மிச்சம் வருடம் 1,000 ரூபாய். 18,000 ரூபாய் ஃபிரிட்ஜின் விலை கரண்ட் மிச்சத்திலேயே திரும்ப 18 வருடம் ஆகும். கரண்டுக்காக மட்டும் ஓடுகிற ஃபிரிட்ஜை மாற்றத் தேவையில்லை. கம்ப்ரசர் போய் 6,000, 7,000 செலவு வந்து நிற்கும்போது, அந்த 1,000 ரூபாயையும் புதுசின் பக்கம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். தாத்தா பாட்டி இருவர் மட்டும் இருக்கிற வீடு, 90 யூனிட்தான் ஓடுகிறது என்றால், எவ்வளவு மிச்சம் பிடிக்கிற மெஷின் வாங்கினாலும் பில்லில் ஒரு ரூபாய்கூடக் குறையாது. 500 யூனிட்டை ஒட்டி ஓடுகிற வீட்டுக்கு நேர் எதிர். அங்கே கொஞ்சம் குறைத்தாலே பில் நன்றாக இறங்கும். கடைக்காரர் எல்லோருக்கும் ஒரே மிச்சக் கணக்குச் சொல்வார். உங்கள் கரண்ட் கார்டைப் பார்த்து நீங்கள் போடுவதுதான் உங்கள் கணக்கு.

முதலில் கதவு ரப்பரைப் பாருங்கள். பத்து ரூபாய் நோட்டைக் கதவில் வைத்து மூடி இழுங்கள். சிரமமில்லாமல் வழுக்கி வந்துவிட்டால் அந்த இடத்தில் குளிர் வெளியே போகிறது. ரப்பர் 900 ரூபாய்.

ஃபேனுக்கும் இதே கணக்கா?

ஃபேனுக்குக் கணக்கு மாறும். மெதுவாகச் சுற்றினால் கெப்பாசிட்டர், 150 ரூபாயோடு முடியும், செய்துவிடுங்கள். காயில் கருகியிருந்தால் ரீவைண்டிங், அதாவது கம்பியைப் புதிதாகச் சுற்றுவது, 500 ஆகும். அப்போது கொஞ்சம் நில்லுங்கள். பழைய ஃபேன் 75 வாட், கரண்ட் குறைவாக இழுக்கிற புது வகையான பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட். ஒரு நாளைக்கு 14 மணி நேரம் ஓடுகிற ஹால் ஃபேன் என்றால் ஒரு பில்லுக்கு 38 யூனிட் குறையும், 190 ரூபாய். 2,900 ரூபாய் ஃபேன் இரண்டரை வருடத்தில் தன் காசைத் திருப்பிக் கொடுக்கும். எப்போதாவது ஓடுகிற அறைக்கு ரீவைண்டிங்கே போதும்.

அரசு கொடுத்த மிக்ஸி, கிரைண்டருக்குச் செலவு செய்யலாமா?

தாராளமாக. 2011இல் ஆரம்பித்த திட்டத்தில் வந்த மிக்ஸிகள் இன்னும் மேசைக்கு வருகின்றன. பெரும்பாலும் கப்ளர், கார்பன் பிரஷ், ஜார் புஷ், கிரைண்டர் பெல்ட். எதுவும் 200 தாண்டாது. மோட்டார் ஆர்மேச்சர் கருகியிருந்தால் மட்டும் யோசியுங்கள்.

போன்?

பேட்டரி என்றால் மாற்றுங்கள். சுமார் 500 முறை முழுதாக ஏற்றி இறக்கினால் பேட்டரியின் தாங்கும் திறன் எண்பது சதவீதத்துக்கு வந்துவிடுவது இயல்பு; போனுக்கு வயதாகிவிட்டது என்று அர்த்தமில்லை. சார்ஜ் பின்னும் அப்படியே. டிஸ்பிளேதான் இடறுகிற இடம். மூன்று வருட போனுக்கு ஐந்தாயிரம் டிஸ்பிளே போடுமுன், அந்த போனுக்கு இன்னும் அப்டேட் வருகிறதா என்று பாருங்கள். அப்டேட் நின்ற போனில் ஒருநாள் பேங்க் ஆப் திறக்காது. பேட்டரி உப்பிப் பின்மூடி தூக்கியிருந்தால் சார்ஜ் போடாதீர்கள், குத்தாதீர்கள், அன்றைக்கே கொண்டுவாருங்கள்.

வட்டியில்லாத இ.எம்.ஐ.யில் புதுசு கிடைக்கும்போது ரிப்பேர் எதற்கு?

"ரொக்கமாகக் கொடுத்தால் எவ்வளவு குறைப்பீர்கள்" என்று அதே கடையில் கேளுங்கள். அவர் குறைக்கிற தொகையும் பிராசசிங் கட்டணமும் சேர்ந்ததுதான் உங்கள் வட்டி. எக்ஸ்சேஞ்சும் அப்படித்தான், பழையதைக் கொடுக்காவிட்டால் என்ன விலை என்று முதலில் கேட்டுவிட்டு, அப்புறம் பழையதைப் பற்றிப் பேசுங்கள்.

மாதத் தவணை சின்னதாகத் தெரியும். தக்காளி பயிரிடுகிற ஒரு வீட்டில் டிவி, போன், ஃபிரிட்ஜ் மூன்றும் தவணையில் ஓடும்போது, தக்காளி விலை விழுந்த மாதத்தில் என்ன ஆகிறது என்பதை வாடிக்கையாளர்கள் வாயிலாகவே கேட்டிருக்கிறேன். 1,500 ரூபாய் ரிப்பேரில் தீர்கிற விஷயத்துக்கு ஒரு வருடக் கடனை யாரும் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டாம் என்று நினைக்கிறேன்.

வாரண்டி முடிந்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பில்லைத் தேடுங்கள். பல ஃபிரிட்ஜ், ஏசிகளில் பொருளுக்கு ஒரு வருடம் என்றாலும் கம்ப்ரசருக்கு மட்டும் பத்து வருடம் வரை வாரண்டி இருக்கும். வாஷிங் மெஷின் மோட்டாருக்கும் இதே மாதிரி உண்டு. இது தெரியாமல் எட்டு வருட ஃபிரிட்ஜை எடைக்குப் போடப் போனவரை வழியிலேயே நிறுத்தி அனுப்பியிருக்கிறேன். கேஸுக்கும் கூலிக்கும் பணம் கட்ட வேண்டிவரும், ஆனாலும் கம்ப்ரசர் விலை மிச்சம். கடையில் தருகிற வழவழப்பான சூட்டுத்தாள் பில் இரண்டு வருடத்தில் வெளுத்துவிடும். வாங்கிய அன்றே போட்டோ எடுத்து வையுங்கள்.

ரிப்பேர் செய்து ஒரு மாதத்தில் திரும்பக் கெட்டால்?

அதே பாகம் என்றால் எங்களிடம் மூன்று மாதம் இலவசம். எந்தக் கடையில் கொடுத்தாலும் மாற்றிய பாகத்தின் பெயரோடு ரசீது வாங்குங்கள், கழற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்குங்கள். கடையோ கம்பெனியோ பதில் சொல்லவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் சரிவராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்கோ சேவைக்கோ கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும்.

ஸ்பேர் வர ஏன் இவ்வளவு நாள்?

சேலத்தில் இருந்தால் மறுநாள். இல்லாவிட்டால் பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் சொல்லி பஸ்ஸில் பார்சல் போடச் சொல்கிறோம். அங்கேயும் இல்லை என்றால் சென்னை ரிச்சி தெரு. கம்பெனி ஒரிஜினல் பாகங்களை வெளிக்கடைகளுக்கு நேராகக் கொடுப்பதில்லை என்பதுதான் பிரச்சினையின் வேர். பக்கத்து மாவட்டத்தில், ஓசூர் பக்கம், உலகத்துக்கே போகிற ஐபோனின் பாகங்கள் தயாராகின்றன. அந்த போனுக்கு ஒரு ஒரிஜினல் பாகம் தருமபுரி பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடைக்குக் கிடைக்காது.

பழுது நீக்கும் உரிமைக்காக மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பர் 24 அன்று ஒரு இணையதளம் தொடங்கியது. போன், டிவி மாதிரிப் பொருள்களை ரிப்பேர் செய்வது எவ்வளவு சுலபம் என்று பத்துக்கு மதிப்பெண் போட்டு ஒட்டித்தான் விற்க வேண்டும் என்று பிரான்சில் 2021இல் விதி கொண்டுவந்தார்கள். நம் ஊரிலும் ஸ்டார் ஸ்டிக்கர் பக்கத்தில் அப்படி ஒரு எண் வர வேண்டும் என்பது என் ஆசை. அதுவரை, வாங்கும்போதே "இதுக்கு ஸ்பேர் கிடைக்குமா" என்று உங்கள் மெக்கானிக்கிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்குங்கள்.

நீங்களே வேண்டாம் என்று சொல்வது எப்போது?

டிவி பேனல் உடைந்தால். ஃபிரிட்ஜ் சுவருக்குள் புதைந்த குழாயில் கேஸ் கசிந்தால். ஓட்டை எங்கே என்று தெரியாமல் கேஸ் மட்டும் ஏற்றினால் மூன்று மாதத்தில் போய்விடும். கீசர் தொட்டி ஓட்டையானால். ஒரே பொருள் ஒரு வருடத்தில் மூன்றாவது முறை, மூன்று வேறு பாகத்துக்காக வந்தால்.

பழையதை எங்கே போடுவது?

2023 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கிற மின்கழிவு விதிகளின்படி, பழையதை மறுசுழற்சிக்கு அனுப்புகிற பொறுப்பு தயாரித்த கம்பெனியுடையது. புதுசு வாங்கும் கடையிலேயே கேளுங்கள். ஓடுகிற பாகம் உள்ள டிவி, மெஷின் என்றால் நாங்களும் எடுத்துக்கொள்வோம். நல்ல போர்டு, மோட்டார் இன்னொருவர் வீட்டுக்கு உதவும்.

2006இல் ஆரம்பித்த திட்டத்தில் வந்த அரசு கலர் டிவி இன்னும் பரணில் இருந்தால் அதை உடைக்காதீர்கள். அந்தக் குழாய்க் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. செம்புக்காக ஏரிக்கரையில் ஒயரைக் கொளுத்துவதையும் பார்க்கிறேன். அந்தக் கறுப்புப் புகை நஞ்சு; கொளுத்துகிற பையன்தான் அதை முதலில் சுவாசிக்கிறான். ஒயரைக் கொளுத்தாமல் தோலுரித்துக் கொடுத்தால் செம்புக்கு எடைக்கடையில் விலையும் கூடக் கிடைக்கும். உரிக்கிற கருவி எங்கள் கடையில் இருக்கிறது. கொண்டுவந்தால் காசு வாங்காமல் உரித்துத் தருகிறோம்.